பூட்டுன வீட்டைத் தாண்டிப் போனா சர்வே கோணிக்கும், இப்படி பண்ணுங்க

பென்னாகரம் பக்கம் குடிதண்ணி சர்வேக்கு கிளம்புற பசங்களுக்காக எழுதுறேன். நான் மொத தடவை போனப்ப காலைல பதினோரு மணி, தெரு முழுக்க பூட்டு, ஒரு நிலைப்படியில போன பண்டிகைக்கு கட்டுன மாவிலை காய்ஞ்சு தொங்குது, எதிர்த்திண்ணை பாட்டி "பெங்களூருக்கு கட்டட வேலைக்கு போயிட்டாங்க கண்ணு"ன்னு சொல்ல, நானும் சரின்னு பக்கத்து வீட்ல ஃபார்மை நிரப்பிட்டு வந்துட்டேன். பெரிய தப்பு அது.

ஏன்னா பகல்ல வீட்ல இருக்கறவங்க குழாய்ல தண்ணி வர்ற நேரத்துக்கு காத்திருந்து பிடிச்சுக்கலாம், விடிகாலைல ஓசூர் கம்பெனி பஸ் ஏறுறவங்களுக்கு அது முடியாம போகலாம், அவங்க போர் தண்ணிக்குப் போவாங்க. நம்ம பக்கம் போர் தண்ணில பல்லையும் எலும்பையும் கெடுக்கற ஃப்ளோரைடு ஜாஸ்தி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டத்தை 2013ல கொண்டு வந்ததே அதுக்குத்தான். யாரைப் பத்தி தெரியணுமோ அவங்களே கணக்குல விட்டுப்போறாங்க.

200 வீடுன்னு வெச்சுக்கங்க. 120 வீடு பதில் சொல்லுது, அதுல 90 வீடு குழாய் தண்ணி, அதாவது 75 சதவீதம். பூட்டுன 80ல 32 வீடுதான், அதாவது 40 சதவீதம்தான் குழாய் தண்ணின்னா நிஜம் 122, வெறும் 61 சதவீதம். விட்டுப்போன பங்கு 0.4, ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் 35, பெருக்குனா 14, நம்ம தப்பு அவ்வளவு.

ஆள் நெறைய பிடிச்சா சரியாயிடும்னு நினைக்காதீங்க. 1936ல அமெரிக்க அதிபர் தேர்தல்ல யார் ஜெயிப்பாங்கன்னு கணிக்க லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்புச்சு, 20 லட்சத்துக்கு மேல திரும்பி வந்துச்சு, வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பாருன்னு சொன்னாங்க, ஆனா அவரை எதிர்த்து நின்ன ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல வாங்கி ஜெயிச்சாரு. முகவரி எடுத்த லிஸ்ட்டும் கோணல், பதில் போட்டவங்களும் ஒரு பக்கம்.

அதனால பூட்டுன வீட்டுக்கு பதிலா பக்கத்து வீட்டை எடுக்கவே எடுக்காதீங்க. சாயந்திரம் ஏழு மணிக்கு மேல ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை காலைல ஒரு தடவை திரும்பப் போங்க. பூட்டா, இல்ல ஆள் இருந்தும் பேச மாட்டேன்னாங்களா, தனித்தனியா எழுதுங்க, ரெண்டுக்கும் காரணம் வேற. எல்லாத்தையும் துரத்த முடியலையா, அந்த 80ல சீட்டு போட்டு 20 எடுங்க, அந்த 20ஐ எப்படியாவது பிடிச்சிருங்க, அவங்க பதிலை 80க்கும் சேர்த்து கணக்கு போடலாம்.

பெங்களூர் போனவங்களை பொங்கல் வாரத்துல பிடிக்கலாம். அப்ப கேக்கறப்ப இன்னிக்கு எந்த தண்ணின்னு கேக்காம, ஊர்ல இருக்கற நாள்ல வழக்கமா எங்க பிடிப்பீங்கன்னு கேளுங்க.