நிலம் பார்த்துப் பலகை: தடமில்லாத பனிக்கு நோர்டிக் ஸ்கீ தேர்ந்தெடுப்பது எப்படி

குமரி மாவட்டத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் தோவாளைப் பூச்சந்தைக்குப் போகிறவரின் தலைத்துண்டில் படியும் ஈரம்தான். ஆனாலும் படிப்புக்கும் வேலைக்குமாக இங்கிருந்து நார்வே, பின்லாந்து, கனடா என்று போனவர்கள், முதல் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே எந்த ஸ்கீ, அதாவது காலில் பூட்டிப் பனியில் வழுக்கிப் போகும் நீளப் பலகை, வாங்கலாம் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஐந்து குளிர்காலங்களை நார்வேயில் கழித்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பியவன் என்பதால் அந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

காஷ்மீரின் குல்மார்க்கிலும் உத்தராகண்டின் அவுலியிலும் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் குதிகாலையும் சேர்த்துப் பூட்டிவிடும் ஆல்பைன் ஸ்கீக்கள். அவை சரிவில் இறங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. நோர்டிக் ஸ்கீயில் காலணியின் முன்முனை மட்டும் பூட்டப்பட்டுக் குதிகால் எழும்பித் தாழ்வதால், அதைக் கொண்டு நடக்கலாம், ஏறலாம், சறுக்கலாம். அதிலும், எந்திரம் வெட்டி வைத்த தடத்தை விட்டு விலகிக் காட்டுக்கும் மலைக்கும் போவதற்காகச் சற்று அகலமாகவும் உறுதியாகவும் செய்யப்படுவது பேக்கண்ட்ரி வகை. நார்வேக்காரர்கள் இதை மலை ஸ்கீ என்ற பொருளில் ‘ஃபியெல்ஸ்கி’ என்பார்கள். 1888-இல் நார்வே ஆய்வாளர் நான்சனும் அவருடன் சென்ற ஐந்து பேரும் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்ததும் குதிகால் பூட்டாத ஸ்கீக்களில்தான்.

நாஞ்சில் நாட்டு வயலில் பரம்பு அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் இயக்கம் எளிதில் விளங்கும். இறங்கி நின்றால் முழங்கால்வரை புதையும் அதே தொழியில், பலகைமேல் நிற்கும் ஆள் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகிறார்; ஏனென்றால் அவருடைய எடை பலகை முழுவதும் பரவிவிடுகிறது. பலகை அகலமாக ஆகப் புதைவது குறையும், ஆனால் இழுக்கிற மாட்டுக்குப் பாடு கூடும். ஸ்கீயில் மாடும் நீங்களே என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

நான் முதலில் மறந்தது அதைத்தான். கடைக்காரர் காட்டிய படத்தில் ஒருவர் ஆழமான பனியைக் கிழித்துக்கொண்டு மலையிறங்கினார். அந்த மயக்கத்தில், நடுப்பகுதியே 78 மில்லிமீட்டர் அகலம் கொண்ட கனமான சோடியை வாங்கிவிட்டேன். அந்தக் குளிர்காலத்தில் நான் போன இடங்களோ உறைந்த ஏரிகளும் சமவெளிகளும். கூட வந்தவர்கள் ஒரு உதைப்பில் மூன்று மீட்டர் வழுக்கிப் போக, நான் ஒவ்வோர் அடியையும் இழுத்து இழுத்து வைத்தேன். ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால், ஒரு நாள் பயணத்தின் பெரும்பகுதி நேரம் எந்த நிலத்தில் கழியப்போகிறது என்பதை நேர்மையாகக் கணக்கிட வேண்டும். இறக்கம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சப் பொழுதெல்லாம் நடைதான்.

ஸ்கீயின் அகலத்தை முனை, நடு, வால் என்று மூன்று எண்களால் குறிப்பார்கள். நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா போன்ற மரமற்ற மேட்டுச் சமவெளியிலும், ஏரிகளிலும், காட்டுச் சாலைகளிலும் நாள்கணக்கில் போகிறவர்களுக்கு நடு அகலம் 54 மில்லிமீட்டரை ஒட்டிய நீளமான ஸ்கீ பொருந்தும்; 66-54-61 அளவுள்ள, ஃபிஷர் நிறுவனத்தின் ஈ99 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காற்று அடித்து இறுக்கிய பனியில் அது நேர்கோட்டில் விலகாமல் ஓடும். முனையும் 70 மில்லிமீட்டருக்குள் அடங்குவதால், வெட்டிய தடம் எதிர்ப்பட்டால் பெரும்பாலும் அதற்குள்ளும் செல்லும். ஆனால் மரங்களுக்கிடையே சட்டென்று திருப்ப நினைத்தால் சொன்னபடி கேட்காது.

மேடும் பள்ளமுமாக, நம்முடைய குலசேகரம் பக்கத்து ரப்பர் விளைகளைப் போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் காட்டு நிலத்துக்கு, நடு 60 முதல் 70 மில்லிமீட்டர் வரை உள்ளவை ஏற்றவை. 83-62-70 அளவில் வந்த மாட்ஷூஸ் இயான் இந்த வகையைச் சேர்ந்தது. முனைக்கும் நடுவுக்கும் உள்ள வேறுபாடு கூடக்கூடத் திரும்புவது எளிதாகும், நேரே ஓடுவது தளரும். ஒரே ஒரு சோடிதான் வாங்க முடியும் என்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த வகையைத்தான். ஆழமான புதுப்பனியில் செங்குத்தாக ஏறி இறங்குவதே நோக்கம் என்றால் மட்டும் 75-க்கு மேல் போகலாம். 30 பாகையும் அதற்கு மேலும் சாய்ந்த சரிவுகள் பனிச்சரிவு நிகழும் இடங்கள் என்பதால், பயிற்சியும் கருவியும் துணையும் இல்லாமல் எந்த ஸ்கீயோடும் அங்கே போகக் கூடாது.

அகலத்தை எல்லாரும் கேட்கிறார்கள். வளைவைக் கேட்பவர்கள் குறைவு. ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி வில்போல் எழும்பி நிற்கும். இரட்டை வளைவு என்று சொல்லப்படுவதில், இரண்டு காலிலும் நிற்கும்போது கால்களுக்குக் கீழே உள்ள பகுதி பனியைத் தொடாமல் வழுக்கும். ஒற்றைக் காலில் முழு எடையையும் ஊன்றி உதைக்கும்போது அது அமுங்கிப் பனியைப் பற்றிக்கொள்ளும். சமவெளிக்கு இதுவே உயிர். ஒற்றை வளைவு எளிதில் அமுங்கித் திருப்பத்துக்கு இணங்கும், ஆனால் சமதளத்தில் எப்போதும் உராய்ந்துகொண்டே வரும்.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு ஸ்கீயை எடுத்துத் தரும் கடைகள் உண்டு. உயர்த்திய கையின் மணிக்கட்டைத் தொடும் நீளம் என்ற பழைய வழக்கம் சமவெளி ஸ்கீக்குத் தோராயமாகச் சரிதான். மலைக்கு அதைவிடக் குட்டையானது வேண்டும். ஆனால் வளைவை அமுக்குவது உயரமன்று, எடை. 58 கிலோ எடையுள்ள ஒருவர் 80 கிலோக்காரருக்கான விறைப்பான ஸ்கீயை வாங்கினால், எவ்வளவு உதைத்தாலும் நடுப்பகுதி பனியைத் தொடாது. ஏற்றத்தில் கால் பின்னோக்கி வழுக்கும். முதுகுப்பையின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சோதிக்க ஒரு தாள் போதும். கடினமான சமதரையில் ஸ்கீக்களை வைத்து, பையையும் மாட்டிக்கொண்டு இரண்டு காலிலும் சமமாக நிற்க வேண்டும். அப்போது காலுக்குக் கீழே செருகிய தாள் முன்னும் பின்னும் தடையின்றி நகர வேண்டும். எடை முழுவதையும் ஒரே காலுக்கு மாற்றினால் அந்தத் தாள் இறுகப் பிடிபட வேண்டும். பிடிபடாவிட்டால் விறைப்பு அதிகம். இரண்டு காலில் நிற்கும்போதே நகர மறுத்தால் விறைப்பு போதாது. இது இரட்டை வளைவுக்கான சோதனை. ஒற்றை வளைவில் தாள் எப்படியும் சிக்கத்தான் செய்யும்.

அடிப்பாகம் இரண்டு வகைப்படும். மெழுகு பூசும் வகையில், குளிர் ஒரே சீராக இருக்கும் நாள்களில் பிடிப்பும் வழுக்கலும் அருமையாக அமையும். வெப்பநிலை சுழியத்தை ஒட்டி ஏறி இறங்கும்போது எந்த மெழுகைப் பூசுவது என்று அனுபவசாலிகளே திணறுவார்கள். செதில் வெட்டிய வகையில், குளச்சல்காரருக்கு விளக்கவே வேண்டாம், மீனின் செதிலைப் போல ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் தடுக்கும். சற்று மெதுவாகப் போனாலும் தொடக்கக்காரருக்கும் ஈரப்பனி நிலத்துக்கும் அதுவே நிம்மதி. இரண்டுக்குமே, நீண்ட ஏற்றங்களில் அடியில் ஒட்டிக்கொள்ளும் மயிர்ப்பட்டை ஒன்றைப் பையில் வைத்திருப்பது நல்லது.

எஃகு விளிம்பு எடையைக் கூட்டும். ஆனால் காற்றில் இறுகிப் பொற்றைப் பாறைபோல் ஆகிவிட்ட பனியில், அது இல்லாத ஸ்கீ பக்கவாட்டில் சறுக்கிவிடும். மரங்களுக்குள்ளேயே சுற்றுகிறவர் அதைத் தவிர்க்கலாம், மலைக்குப் போகிறவர் தவிர்க்கக் கூடாது.

காலணியும் அதைப் பூட்டும் பைண்டிங்கும் ஒரே முறையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். முன்முனையில் உலோகக் கம்பி உள்ள என்.என்.என். பி.சி. முறைக் காலணி, மூன்று ஊசிகளில் பொருந்தும் 75 மில்லிமீட்டர் முறைப் பூட்டில் நுழையாது. அகலமான ஸ்கீக்கு மெல்லிய காலணியை இணைத்தால், காலை முறுக்கினால் காலணிதான் முறுகும், ஸ்கீ அப்படியே கிடக்கும். எனவே பணம் குறைவாக இருந்தால், நல்ல காலணியைப் புதிதாக வாங்கிவிட்டு ஸ்கீயைப் பழையதாக எடுப்பதே என் வழக்கம்.

பழையதை எடுக்கும்போது, இரண்டு ஸ்கீக்களின் அடியையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்து நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் வில் செத்துவிட்டது. விளிம்பு நெடுகிலும் விரலை ஓட்டிப் பாருங்கள், வாலிலும் முனையிலும் அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள், பைண்டிங்கின் திருகாணிகள் ஆடினால் விலை பேசாமலேயே திரும்பி வந்துவிடுங்கள்.