ஏரியில் பிளாஸ்டிக் தேடுவோர் செய்யும் தவறுகள்

மைக்ரோபிளாஸ்டிக், அதாவது மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்கள், இருக்கிறதா என்று போரூர் ஏரித் தண்ணீரை முதன்முதலாக மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது நீல இழைகள் ஏராளமாகத் தெரிந்தன. பெரிய கண்டுபிடிப்பு என்று துள்ளினேன். அப்புறம் குனிந்து பார்த்தால், நான் போட்டிருந்த பாலியஸ்டர் சட்டையும் அதே நீலம்!

நாம் கொண்டுபோன பிளாஸ்டிக்கை ஏரியின் கணக்கில் எழுதிவிடுவதுதான் இந்த ஆய்வில் பலரும் சறுக்கும் இடம். பருத்தி உடை, கண்ணாடி பாட்டில், எவர்சில்வர் வாளி எல்லாம் சரி, ஆனால் போதாது. ஏரிப் பக்கமே போகாத சுத்தமான தண்ணீரையும் ஒரு பாட்டிலில் வைத்து, மற்ற மாதிரிகளுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்யுங்கள். அதில் சிக்கும் இழைகள் உங்கள் ஆய்வகத்தினுடையவை.

பிளாஸ்டிக்கைப் பிரிக்க, வண்டலை உப்புக் கரைசலில் கலக்கி, மிதப்பதை அள்ளுவது மலிவான வழி. கடல் உப்பிலேயே மைக்ரோபிளாஸ்டிக் இருப்பதால் கரைசலை வடிகட்டிவிட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் அடர்த்தி. எவ்வளவு உப்பைக் கரைத்தாலும் கரைசலின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.2 கிராமைத் தாண்டாது. கேரி பேக்கின் பாலிஎத்திலீன் மிதக்கும். தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் 1.38 என்பதால் வண்டலோடு தங்கிவிடும். கரையெல்லாம் காலி பாட்டில் கிடக்க, 'பெட் துகள் இல்லை' என்று அறிக்கை எழுதுவது இப்படித்தான். துத்தநாக குளோரைடு கரைசலில் அதுவும் மிதக்கும். ஆனால் அந்தக் கரைசல் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. வேலை முடிந்ததும் சிங்க்கில் கொட்டிவிடாதீர்கள்.

300 மைக்ரான் (0.3 மி.மீ.) துளையுள்ள வலையில் மெல்லிய இழைகள் நழுவிவிடும். ஆகவே வலையில் எடுத்த எண்ணிக்கையை, பாட்டிலில் எடுத்ததோடு ஒப்பிட வேண்டாம். மே மாதத்தில் ஒரு நாள் எடுத்ததை வைத்து வருடத்துக்கே முடிவு சொல்லவும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை தெருக்குப்பையை ஏரிக்குள் அடித்துவந்த பிறகு பாருங்கள், கணக்கே மாறியிருக்கும்.

ஜிலேபி மீனின் வயிற்றில் துகள் இருந்தது என்பது வேறு, அதனால் மீன் பாதிக்கப்பட்டது என்பது வேறு. நம் ஏரிகள் பலவற்றில் சாக்கடையும் கலக்கிறது. மீன் மெலிந்திருந்தால் ஆக்சிஜன் குறைவோ அம்மோனியாவோகூடக் காரணமாக இருக்கலாம். மீனைப் பிடித்த அன்றே அந்த இரண்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.