வசனத்தை அதன் இடத்தில் வைத்துப் படியுங்கள்: அன்றாட ஆறுதலுக்கும் வழிநடத்துதலுக்கும்

மனம் சோர்ந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் படிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுப்பதும் ஏறக்குறைய அதேதான். அந்த நேரத்துக்கு ஆறுதல் கிடைக்கும். நிலைமை மாறாமலே நாட்கள் ஓடும்போது வசனத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். வசனத்தில் குறை இல்லை. அது யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் எடுத்ததுதான் குறை.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேவன் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று சொல்லும் வசனம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் அது வருகிறது. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் ஆகும் என்கிறது. ஐந்தாம் வசனமோ அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. 11-ஆம் வசனத்தை மட்டும் படித்தவர் நாளைக்கே விடுதலை என்று காத்திருப்பார். கடிதம் முழுவதையும் படித்தவருக்கோ, காத்திருக்கும் காலத்திலும் தேவன் தன்னை மறக்கவில்லை, இன்றைய வேலையை இன்று செய்யலாம் என்ற தெம்பு கிடைக்கும். பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். எல்லாவற்றையும் செய்யப் பெலன் உண்டு என்று பவுல் எழுதியது காவலில் இருந்தபோது. முந்தின வசனத்தில் அவர் பேசுவது பட்டினியையும் நிறைவையும் ஒரேபோல் ஏற்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி.

ஆகவே தினமும் 20 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு புத்தகத்தை எடுத்தால் கடைசிவரை வரிசையாகப் போங்கள். ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்கள் பலர், எனவே புதிதாகத் தொடங்குபவர் மாற்கு சுவிசேஷத்தை எடுப்பது நல்லது. 16 அதிகாரங்கள்தான். நாளுக்குப் பாதி அதிகாரம் என்றால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடியும். பகுதியை முதலில் மௌனமாகவும், பிறகு வாய்விட்டும் படியுங்கள். கண் தாண்டிப்போன வார்த்தையைக் காது பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: இங்கே என்ன நடக்கிறது, தேவன் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது, இன்று நான் செய்ய வேண்டியது என்ன. மூன்றாவது வரியை "இன்னும் அன்பாக இருப்பேன்" என்று எழுதினால் மதியத்துக்குள் மறந்துபோகும். "பேசாமல் இருக்கும் தம்பிக்கு இன்று சாயங்காலம் போன் செய்வேன்" என்று எழுதுங்கள். படித்த பகுதியிலிருந்தே ஒரு வாக்கியத்தை ஜெபமாக்கி முடியுங்கள். போனில் படிப்பவர்கள் இணைய இணைப்பை அணைத்துவிட்டுத் தொடங்கட்டும்.

நான்கு நாள் விட்டுப்போனால் நான்கு நாள் பங்கையும் சேர்த்துப் படிக்கப் பார்க்காதீர்கள். பல வாசிப்புத் திட்டங்கள் அந்தப் பாக்கிச் சுமையில்தான் நிற்கின்றன. விட்ட இடத்திலிருந்து அன்றைய பங்கை மட்டும் படியுங்கள்.

ஜெபிக்க வார்த்தையே வராத நாட்களுக்குச் சங்கீதங்கள் இருக்கின்றன. 13-ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. இந்த வரிசையிலேயே உங்கள் ஜெபத்தை எழுதிப் பாருங்கள்: முதலில் முறையீடு, பெயர் சொல்லி, மழுப்பாமல், பிறகு வேண்டுதல், பிறகு தேவனைப் பற்றி உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று. முறையீட்டைத் தாண்டிக் குதித்து நேரே ஸ்தோத்திரத்துக்குப் போகிறவர்கள் உள்ளுக்குள் பாரத்தோடேயே எழுந்திருப்பார்கள். அந்தக் கடைசிப் பகுதி இன்று வரவில்லையென்றாலும் பரவாயில்லை. 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது.

தீர்மானம் எடுக்க வேண்டியிருக்கும்போது பலர் அடையாளம் கேட்கிறார்கள், கிதியோன் ஆட்டுத்தோலைத் தரையில் போட்டு, அது மட்டும் பனியில் நனைகிறதா என்று பார்த்ததுபோல. நியாயாதிபதிகள் 6-ஐக் கவனமாகப் படித்தால், செய்ய வேண்டியது என்னவென்று அவனுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது தெரியும். அவன் கேட்டது வழியை அல்ல, தன் பயத்துக்கு உறுதியை. வழிநடத்துதலுக்கு, பெர்சியா ராஜாவின் அரண்மனையில் பணிசெய்த நெகேமியாவைப் பார்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. எருசலேமின் மதில் இடிந்துகிடக்கும் நிலைமையைக் கேட்டு அவர் உபவாசித்து ஜெபித்தார். ராஜாவிடம் பேச வாய்ப்பு வந்தது ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து. ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் நடுவில் ஒரு சிறு ஜெபம் செய்தார். உடனே எவ்வளவு காலம் வேண்டும், யாருக்குக் கடிதம் வேண்டும், மரம் எங்கிருந்து வேண்டும் என்று தெளிவாகக் கேட்டார். எருசலேமுக்குப் போனபிறகும், இரவில் சிலரோடு மதிலைச் சுற்றிப் பார்த்த பின்புதான் வாயைத் திறந்தார். உங்கள் காரியத்திலும் அப்படியே செய்யுங்கள். தேதி குறித்து ஜெபியுங்கள், விவரங்களைச் சேகரியுங்கள், வேதம் தெளிவாக விலக்குவதை முதலிலேயே தள்ளிவிடுங்கள். பிறகு உங்களை நன்றாக அறிந்த, தேவைப்பட்டால் "வேண்டாம்" என்று சொல்லத் தயங்காத இரண்டு மூன்று விசுவாசிகளிடம் கேளுங்கள். ஆமோதிப்பவர்களை மட்டும் தேடிப்போனால் அது ஆலோசனை ஆகாது. கோபத்திலோ தூக்கமில்லாத இரவிலோ முடிவு செய்யாதீர்கள்.

சோர்வு எல்லாம் விசுவாசக் குறைவு அல்ல. 1 இராஜாக்கள் 19-ல் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்து, தூங்கவிட்டு, மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாளும் தள்ளாமல் உடனே ஒருவரிடம் சொல்லி உதவி பெறுங்கள். ஜெபிப்பதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

சபையில் ஜெபக்குறிப்பு கொடுக்கும்போது "எனக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த நாளில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். அப்போதுதான் அவர்களால் அந்த நாளில் நினைத்து ஜெபிக்கவும், மறுநாள் விசாரிக்கவும் முடியும். துக்க வீட்டுக்குப் போகும்போது, சகலமும் நன்மைக்கே நடக்கிறது என்னும் ரோமர் 8:28-ஐ முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் அவரைக் காயப்படுத்தினார்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், பக்கத்தில் உட்காருங்கள், அவர்களாகக் கேட்டால் ஒரு சங்கீதம் படியுங்கள்.