வாளை வைத்துக்கொண்டு உறையைத் தொலைப்பவர்கள்

ஆர்தர் மன்னன் கதையைப் புதிதாக எழுதிப் பார்க்கிறவர்கள் சிலர் என்னிடம் படிக்கக் கொடுப்பதுண்டு. பெயர் உச்சரிப்பு, ஊர்க் குழப்பம் எல்லாம் போகட்டும், அவற்றை எடிட்டர் பார்த்துக்கொள்வார். கீழே இருப்பவை நானே செய்து சூடுபட்ட தவறுகள்.

இரண்டு வாளை ஒன்றாக்குவது

படம் பார்த்துவிட்டு எழுத உட்காருவதால் வரும் வினை இது. ஆர்தர் கல்லிலிருந்து உருவிய வாள்தான் அவனுடைய புகழ்பெற்ற மந்திர வாளான எக்ஸ்காலிபர் என்று எழுதிவிடுகிறார்கள். பழைய பிரெஞ்சுப் பிரதிகள் சிலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. ஆர்தர் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து எழுதிய மாலரியே ஓரிடத்தில் சறுக்கியிருக்கிறார். ஆனால் நம்மவர்கள் கையில் எடுப்பது 1485-ல் காக்ஸ்டன் அச்சிட்ட மாலரியின் கதையைத்தான். அதில் பெல்லினோர் என்ற மன்னனுடன் மோதும்போது ஆர்தரின் வாள் இரண்டாக உடைகிறது. "என்னிடம் வாள் இல்லையே" என்கிறான் ஆர்தர். அப்புறம்தான் ஏரி, தண்ணீருக்கு மேலே வாளேந்திய கை. அந்த வாள்தான் எக்ஸ்காலிபர்.

திரும்பும் வழியில் மந்திரவாதி மெர்லின் கேட்கிறார்: வாள் பிடித்திருக்கிறதா, உறையா? வாள்தான் என்கிறான் இளம் ராஜா. விவரம் இல்லாதவனே, அந்த உறை பத்து வாளுக்குச் சமம், அது இடுப்பில் இருக்கும்வரை எவ்வளவு காயம் பட்டாலும் உனக்கு ரத்தம் போகாது என்கிறார் மெர்லின்.

வாள்களை ஒன்றாக்கினால் இந்தக் காட்சி போச்சு. பின்னால் அக்கா மார்கன் வந்து, தூங்குகிற தம்பியின் கையில் வாள் இருப்பதைப் பார்த்து, உறையை மட்டும் திருடிக்கொண்டுபோய் ஏரியில் எறிவதும் போச்சு.

சிறுவர் படக்கதை ஒன்றில் நானும் இதையே செய்தேன். 18 பக்கம் வரைந்து முடித்த பிறகு ஓவியர் கேட்டார்: "சார், இத்தனை வெட்டு வாங்கியும் ஒண்ணும் ஆகல. கடைசிச் சண்டையில மட்டும் ஏன் சாகிறார்?" என்னிடம் பதில் இல்லை. 18 பக்கமும் மறுபடி வரைய வேண்டியதாயிற்று, அதற்கான கூலி என் பையிலிருந்து போனது. இன்றைக்கும் யாராவது "உறையெல்லாம் சின்ன விஷயம் சார்" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கவசம்

உடம்பு முழுக்க மூடும் தகட்டுக் கவசம் 15-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. கதையை 6-ஆம் நூற்றாண்டில் வைத்தால் கழற்றிவிடுங்கள்.

கிரெயில்

ஆர்தரின் வீரர்கள் தேடி அலையும் இந்தப் புனிதப் பொருள் கிண்ணம்தான் என்று சாதிக்காதீர்கள். பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் எழுதியதில் அது பரிமாறும் தட்டு, ஜெர்மன் கவிஞர் வோல்ஃப்ராமிடம் கல்.

லான்சலாட்

ஆர்தரின் பேர்போன வீரர். ஆனால் 1136 வாக்கில் மான்மத் ஊர் ஜெஃப்ரி எழுதிய பிரிட்டன் அரசர்களின் வரலாற்றில் ஆளே கிடையாது. பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்து சேர்த்தவர்.