துறைத் தலைவர் ஆகிவிட்டீர்களா? முதலில் கால அட்டவணையைப் பாருங்கள்

பொறுப்பு கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, எட்டுப் பக்கத்துக்குத் தொலைநோக்கு அறிக்கை எழுதியது. கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரி. அதை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. நான் கையெழுத்துப் போட்ட வகுப்பு அட்டவணையை மட்டும் எல்லோரும் வரிவரியாகப் படித்தார்கள்.

அதனால் அங்கேயே தொடங்குங்கள். திங்கள் காலை 8 மணி வகுப்பு யாருக்கு? வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து 3 மணிக்கு மேல் வரும் வகுப்பு யாருக்கு? என் முதல் பருவத்தில் இரண்டும் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் விரிவுரையாளர் தலையில் விழுந்திருந்தன. கிள்ளானிலிருந்து கே.டி.எம். ரயிலில் வருகிறவர், வீட்டில் கைக்குழந்தை. மூத்தவர்களுக்கோ செவ்வாய் முதல் வியாழன்வரைதான் வேலை. எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அலுவலகக் கிராணி அக்காதான் தாளை மேசையில் வைத்து, "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். அடுத்த பருவம் வெள்ளி வகுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் மூத்தவர்களிடம் திங்கள் காலையைக் கேட்க எனக்கு வாய் வந்தது.

கூட்டங்களை ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். மீறினால் எல்லோருக்கும் தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர், உங்கள் செலவு.

எம்.கியூ.ஏ. (மலேசியாவின் உயர்கல்வித் தர முகமை) கேட்கும் தரச்சான்றுக் கோப்புகளைப் பருவம் முடிந்த வாரமே கட்டி வையுங்கள். தணிக்கைக்கு முந்தின மாதம் விடைத்தாள் தேடுகிற துறையில் பாடம் நடக்காது, சண்டைதான் நடக்கும்.

பெரிய காரியமே வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் இருந்த காலத்தில்தான் 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இங்கே நடந்தது. அவ்வளவு பெரிய தேரை இழுக்க வடம் பிடிக்கும் கைகள் வேண்டும். வெள்ளி மாலையில் நொந்துபோன கை வராது.

இன்னொன்று, மாணவர் கவுண்டர். பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடன் இன்னும் வரவில்லை, கட்டணம் பாக்கி, தேர்வுச் சீட்டு தர மறுக்கிறார்கள் என்று ஒரு பையன் வந்து நின்றான். கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன், திரும்பி வந்தான். இரண்டாம் முறை கூடவே கீழே இறங்கிப் போனேன். கவுண்டரில் என்னைப் பார்த்ததும் படிவத்தைத் திருப்பி ஒரு கட்டத்தைக் காட்டினார்கள். துறைத் தலைவர் கையெழுத்து. மூன்று நாளாக அது காலியாகவே இருந்திருக்கிறது.