பிளம்பர் பில்லில் ஒளிந்திருக்கும் செலவு

பிளம்பரைக் கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள்: வந்து பார்க்க எவ்வளவு, கூலி பாயிண்ட் (ஒவ்வொரு டேப் இணைப்பு) கணக்கா நாள் கணக்கா, சுவர் உடைத்தால் பூச்சு வேலை சேருமா. பூச்சில்தான் பின்னாடி தகராறு வரும்.

அதிகம் போவது சாமானில். பைப், ஃபிட்டிங்குக்குக் கடையில் எம்ஆர்பியில் தள்ளுபடி உண்டு. அப்படி வாங்கிவிட்டு நம்மிடம் முழு விலை கேட்கும் பிளம்பர்கள் இருக்கிறார்கள். அளவும் பிராண்டும் எழுதி வாங்கி நீங்களே கடைக்குப் போங்கள். பச்சைத்தண்ணி லைனுக்கு யுபிவிசி பைப் போதும், ஹீட்டர் லைனுக்குத்தான் சூடு தாங்கும் சிபிவிசி பைப். டேப் மாட்டும் எல்போவில் (வளைவு ஃபிட்டிங்) மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பித்தளை மரை உள்ளதே வாங்குங்கள், பிளாஸ்டிக் மரை முறுக்கும்போது விரிசல் விடும்.

நம்ம கொங்குப் பக்கம் போர்த்தண்ணி உப்புப் படிந்து டேப் ஒழுகினால் முழு டேப்பையும் மாற்றச் சொல்வார்கள். பலசமயம் டேப்புக்குள் திருகும் பாகமான ஸ்பிண்டில் மாற்றினாலே ஒழுகல் நிற்கும். கழற்றிய சாமானையும் மீதிப் பைப்பையும் கேட்டு வாங்கி வையுங்கள்.