ஒன்பதாம் நம்பர் கம்பியா, பத்தா? கடக்காத்து அடிக்கிற ஊர்ல எலக்ட்ரிக் கிட்டாருக்குக் கம்பி போடுறது எப்படி

கொயர்ல நம்ம கூட நிக்கிற பையன் ஒருத்தன் புதுசா எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிட்டு வந்து, "அண்ணே, இருக்கதுலயே நல்ல கம்பி எதுண்ணே?"ன்னு கேட்டான். நான் "உனக்கு வீடு எங்க மக்கா?"ன்னு திருப்பிக் கேட்டேன். அவன் ஒரு மாதிரி பாத்தான், கம்பிக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்னு. சம்பந்தம் இருக்கு கேட்டியா. அவன் வீடு முட்டம், ஜன்னலத் தொறந்தா கடல். அங்க சாதா கம்பியைப் போட்டு கிட்டார செவுத்துல தொங்கவிட்டா ரெண்டே வாரத்துல முதல் கம்பி சொரசொரன்னு ஆயிரும், விரல வச்சு இழுத்தா கருப்பா மை மாதிரி ஒட்டும். அதே கம்பி கடல விட்டுத் தள்ளி தக்கலைல இருக்க என் மச்சான் வீட்டுல ரெண்டு மாசம் தாங்குது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூன்ல ஆரம்பிக்கிற மழையும் உண்டு, அக்டோபர்ல வர்ற மழையும் உண்டு, நடுவுல காஞ்சு கெடக்குற நாளு கொஞ்சம் தான். அதனால கடக்கரைல இருக்கவங்க முதல்ல துருவப் பத்தி யோசிங்க, டோனு கீனெல்லாம் அப்புறம். வாசிச்சு முடிச்ச உடனே பழைய சாரத்துத் துணியால ஒவ்வொரு கம்பியையும் மேலயும் அடியிலயும் தொடைங்க, அடியில தொடைக்கிறத தான் எல்லாரும் விட்டுருவாங்க, துரு அங்க இருந்து தான் ஏறும். செவுத்துல மாட்டாம பைக்குள்ள வைங்க, செருப்பு டப்பால வருமே சிலிக்கா ஜெல் பாக்கெட்டு, அதுல நாலஞ்ச உள்ள போடுங்க. பழம்பொரி தின்ன கையோட கிட்டார எடுக்கவே கூடாது. எங்க ஊர்ல ஒரு அண்ணன் கம்பிக்கு தேங்கா எண்ணெ தடவுவாரு, துரு பிடிக்காதுன்னு. துரு பிடிக்கல தான், ஆனா எண்ணெயும் அழுக்கும் சேந்து தடிக் கம்பி மேல சுத்தியிருக்க மெல்லிசு கம்பி இடுக்குல எறங்கி சத்தம் கோணிக்குள்ள போட்டு கட்டின மாதிரி ஆயிட்டு.

கொஞ்சம் காசு இருந்தா கோட்டிங் போட்ட கம்பி வாங்கலாம். எலிக்ஸர் தான் எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு, டடாரியோலயும் எர்னி பால்லயும் கூட இருக்கு. விலை சாதா கம்பிய விட ரெண்டு மடங்கு, சிலது அதுக்கு மேலயும் போகும், ஆனா கடல் பக்கம் இருக்கவங்களுக்கு கணக்கு பாத்தா லாபம் தான். தொட்டா லேசா வழுக்குற மாதிரி இருக்கும், அது பிடிக்காதவங்களும் உண்டு, எனக்கு முதல்ல பிடிக்கல, இப்ப பழகிட்டு.

இனி நம்பருக்கு வருவோம். 9ன்னு சொல்றது முதல் கம்பியோட தடிமன், ஒரு இஞ்சுல ஆயிரத்துல 9 பங்கு, மில்லிமீட்டர்ல 0.23. 10ன்னா 0.25. வெறும் 0.02 மில்லிமீட்டருக்கா இந்தச் சண்டைன்னு தோணும், ஆனா விரலுக்குத் தெரியும். செட்ட முதல் கம்பி நம்பரும் கடைசித் தடிக் கம்பி நம்பரும் சேத்து சொல்லுவாங்க; 9-42 செட்டு, 10-46 செட்டு, 11-49 செட்டு, இது மூணும் தான் சாதாரணமா கடைல கெடைக்கும், நடுவுல 9-46ன்னு ஒண்ணு இருக்கு, மெல்லிசுக் கம்பி 9 செட்டு மாதிரி, தடிக் கம்பி 10 செட்டு மாதிரி. ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமா ஸ்ட்ராட்) நீளமுள்ள கிட்டார்ல 10-46 போட்டு ட்யூன் பண்ணுனா ஆறு கம்பியும் சேந்து கழுத்த ஏறக்குறைய 46 கிலோ பாரத்துல இழுக்குது, 9-42னா 38 கிலோ பக்கம். 11-49 போட்டா 50 கிலோவத் தாண்டிரும், ஒரு மூட்டை சிமெண்ட கழுத்துல கட்டித் தொங்கவிட்டதுக்கு மேல.

இதுல பாதிப் பேருக்குத் தெரியாத சங்கதி என்னன்னா அதே 10 கம்பி ரெண்டு கிட்டார்ல ரெண்டு விதமா இருக்கும். ஃபெண்டர் வகைல நட்டுல (கழுத்து நுனில கம்பி உக்காருற பட்டை) இருந்து பிரிட்ஜு (உடம்புல கம்பி உக்காருற இடம்) வரைக்கும் கம்பி நீளம் 25.5 இஞ்சு, கிப்சன் லெஸ் பால் வகைல 24.75, பிஆர்எஸ்ல 25. நீளம் கூடக்கூட அதே சுருதிக்கு இன்னும் இறுக்கணும், அதனால லெஸ் பால்ல இருக்கத விட ஸ்ட்ராட்ல அதே கம்பி ஏறக்குறைய 6 சதவீதம் டைட்டா இருக்கும். யாராவது "பத்து தான் போடணும் மக்கா, ஒம்பது பொம்பளப் பிள்ளைக்கு"ன்னு சொன்னா அவன் கைல எந்த கிட்டார் இருக்குன்னு பாருங்க, பெரும்பாலும் லெஸ் பால் காப்பியா தான் இருக்கும். இந்த ஆம்பள பொம்பளக் கதையெல்லாம் விடுங்க, எங்க கொயர்லயே பெண்ட் (கம்பிய பக்கவாட்டுல தள்ளி சுருதி ஏத்துறது) சுத்தமா போடுறது ஒரு பிள்ளை தான்.

நானும் இந்தப் பேச்சுல விழுந்தவன் தான். டோன் தடியா வரும்னு ஒருத்தர் சொன்னாருன்னு ஸ்ட்ராட் காப்பில 11 போட்டேன், அதுவும் டிசம்பர்ல, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்குறதுக்கு மூணு நாளைக்கு முன்ன. வீடு வீடா போயி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வாசிக்கணும், மூணாவது நாளு விரல் நுனி தண்ணி கோத்து பொந்திட்டு, பிளாஸ்திரி ஒட்டிட்டு பவர் கார்டு (ரெண்டு மூணு கம்பி மட்டும் சேத்து அடிக்கிற எளிய கார்டு) மட்டும் அடிச்சிட்டு நின்னேன். பிரிட்ஜும் பின்னால எழும்பி நின்னுட்டு, எந்தக் கம்பியும் சுருதில நிக்கல. டோன் தடியா வந்துச்சான்னு கேட்டா, வலில எனக்கு எதுவும் கேக்கல.

பெரிய ஆளுங்களப் பாத்து முடிவு பண்ணவும் முடியாது. ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் 13 போட்டு வாசிச்சாரு, ஆனா அரை சுருதி கொறச்சு வச்சு. ஸீஸீ டாப் பேண்டு பில்லி கிப்பன்ஸ் 7 போடுறாரு, அவரு சத்தம் மெல்லிசுன்னு யாராவது சொல்லுவாங்களா. பிளாக் சப்பாத் பேண்டு டோனி அயோமிக்கு தகட்டுத் தொழிற்சாலைல மிஷின்ல மாட்டி ரெண்டு விரல் நுனி போயிட்டு, அதனால மெல்லிசான பாஞ்சோ கம்பிய எடுத்துப் போட்டாரு, அப்படி இருந்தும் அவ்வளவு கனமான சத்தம். அப்ப ஆம்ப்லயும் கைலயும் தான் பாதி விஷயம் இருக்கு.

நம்ம ஆளுங்க நிறைய பேரு கீர்த்தனையும் பழைய பாட்டும் வாசிக்கிறவங்க, கமகம் இழுக்கணும். கமகத்துக்கு ஒரே ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை) இருந்து மூணு சுரம் வரைக்கும் இழுத்துக் கொண்டுபோய் திரும்ப எறக்கணும், அதுக்கு 9 தான் வசதி. கர்நாடக சங்கீதத்த எலக்ட்ரிக் கிட்டார்ல வாசிக்கிற பிரசன்னா வீடியோவ ஒரு தடவ கைய மட்டும் பாருங்க, கம்பி எவ்வளவு தூரம் பக்கவாட்டுல போகுதுன்னு புரியும்.

அதனால என் கணக்கு இது தான், ஒத்துக்கிடலன்னா ஒண்ணும் இல்ல. புதுசா படிக்கிறவன், ஸ்ட்ராட், டெலிகாஸ்டர் மாதிரி ஃபெண்டர் வகை நீளக் கழுத்துன்னா 9-42. லெஸ் பால், எஸ்ஜி மாதிரி கிப்சன் வகைன்னா 10-46. கார்டு (பல சுரம் சேத்து) அடிக்கிறது தான் வேலை, லீடு (தனியா மெட்டு வாசிக்கிறது) எப்பவாச்சும் தான்னா நீளக் கழுத்துலயும் 10 போடுங்க, ஏன்னா 9ல கைய இறுக்கிப் பிடிக்கிறவனுக்கு கார்டே சுருதி ஏறிக் கேக்கும். பாடுறவங்க "மூணு கட்டை எனக்கு ஏறாது, இரண்டரைல வைங்க"ன்னு சொல்லி எப்பவும் அரை சுருதி எறக்கியே வாசிக்கிறீங்கன்னா கம்பி பத்துல ஒரு பங்கு தொளதொளன்னு ஆயிரும், அப்ப ஒரு நம்பர் ஏத்திப் போட்டா பழைய இறுக்கம் ஏறக்குறைய வந்துரும். கீபோர்டுகாரனுக்கு சுருதி மாத்துற ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கு, நமக்கு அது இல்லையே.

வாங்கும்போது ஒண்ணு பாத்துக்கிடுங்க. சின்ன கடைகள்ல கிட்டார் கம்பின்னு கேட்டா அக்கூஸ்டிக் செட்ட எடுத்து நீட்டிருவாங்க, தங்கக் கலர்ல இருக்கும். அது ப்ரான்ஸ் (வெண்கலம்) சுத்துனது, எலக்ட்ரிக்ல கம்பி அதிர்வப் பிடிக்கிற பிக்கப்பு காந்தம், செம்புக் கலவை அதுக்குத் தெரியாது, உள்ள இருக்க ஸ்டீல் மட்டும் தான் கேக்கும், தடிக் கம்பி மூணு நாலும் செத்த மாதிரி இருக்கும். கவர்ல நிக்கல்னு போட்டிருக்கான்னு பாருங்க. நிக்கல் முலாம் போட்ட ஸ்டீல் தான் எல்லாரும் போடுறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சத்தம் பளிச்சுன்னு இருக்கும், துருவும் கொறவு, ஆனா விரலுக்கு சொரசொரப்பு, ஃப்ரெட்டையும் சீக்கிரம் தேய்க்கும்.

இனி மாத்துற வேலை. ட்ரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடி வச்சு ஆட்டுற பிரிட்ஜ்) இருக்க கிட்டார்னா ஆறையும் ஒரே நேரம் கழட்டாதீங்க, ஒண்ண கழட்டி ஒண்ணப் போட்டு வாங்க, இல்லன்னா பின்னால இருக்க ஸ்ப்ரிங் பிரிட்ஜ இழுத்து உள்ள சாச்சிரும். கம்பிய தலைல இருக்க ட்யூனர் ஆணில ரெண்டு மூணு சுத்து வர்ற மாதிரி விட்டு வெட்டுங்க, சுத்து கீழ் நோக்கி எறங்கணும். போட்டதும் ட்யூன் பண்ணி, விரலால மெதுவா தூக்கி இழுத்து விட்டு, திரும்ப ட்யூன் பண்ணி, இத நாலஞ்சு தடவ பண்ணுங்க. புதுக் கம்பி சுருதி நிக்கலன்னு திட்டுறவங்க பாதிப் பேரு இத செய்யாதவங்க தான்.

அதே நம்பர் போட்டா இத்தோட முடிஞ்சுது. நம்பர் மாத்துனா தான் அடுத்த வேலை. 9ல இருந்து 10க்கு போனா பிரிட்ஜ் பின்னால எழும்பும், பின்பக்க மூடியக் கழட்டி ஸ்ப்ரிங் மாட்டியிருக்க தகட்டோட ரெண்டு ஸ்க்ரூவ கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க, பத்தலன்னா இன்னொரு ஸ்ப்ரிங் போடுங்க. அப்புறம் கழுத்து. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அமுத்திட்டு ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல பாருங்க, ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி போதும். கூட இருந்தா ட்ரஸ் ராட (கழுத்துக்குள்ள வளைவ சரிபண்ணுற இரும்புக் கம்பி) ஆலன் கீ வச்சு வலப்பக்கமா கால் சுத்து, அதுக்கு மேல ஒரு நாளும் ஒரே அடியா திருப்பாதீங்க. திருப்பிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க, இந்த ஈரப்பதத்துல மரம் அதுபாட்டுக்கு கொஞ்சம் அசையும். டைட்டா இருந்து திரும்பலன்னா கீழ வச்சிட்டு தெரிஞ்சவங்ககிட்ட கொண்டுபோங்க, ராடு உடைஞ்சா கிட்டார் போச்சு.

கழுத்துக்கு அப்புறம் தான் கம்பி உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்ல தடிக் கம்பி 2 மில்லிமீட்டர், மெல்லிசுக் கம்பி 1.6 வச்சு ஆரம்பிங்க, ஸ்கூல் ஸ்கேல் போதும். கடைசியா அதே பன்னிரண்டுல ஹார்மோனிக்கையும் (அமுத்தாம லேசா தொட்டு எடுக்குற சத்தம்) அமுத்துன சத்தத்தையும் சுருதி காட்டுற ட்யூனர்ல பாருங்க. அமுத்துனது ஏறிக் காட்டுனா அந்தக் கம்பியோட சாடில (பிரிட்ஜுல அது உக்காருற துண்டு) பின்னால தள்ளுங்க, எறங்கிக் காட்டுனா முன்னால. தடிக் கம்பி நட்டு காடில சிக்கி டிக்கு டிக்குன்னு சத்தம் போட்டா பென்சில் முனைய காடில தேயுங்க.

கம்பி ஒரு பாதி தான், கிட்டார் கைல எப்படி உக்காருதுங்கிறது இன்னொரு பாதி. பழைய ஃபெண்டர் மாடல்ல கழுத்தோட மேல்பரப்பு நல்ல வளைவு, 7.25 இஞ்சு ஆரம், கார்டு பிடிக்க சொகமா இருக்கும், ஆனா உயரம் கொறச்சு வச்சு மேல போய் பெரிய பெண்ட் போட்டா சத்தம் செத்துரும். இப்ப வர்ற ஃபெண்டர் 9.5, கிப்சன் 12, ஐபனேஸ் இன்னும் தட்டை, தட்டையா இருந்தா லீடுக்கு வசதி. கழுத்துப் பின்பக்கம் பளபளன்னு வார்னிஷ் அடிச்சதுன்னா நம்ம வேர்வைக்கு கை ஒட்டும், சைட் போஸ் போட்டு நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது, வாசிக்கிறவனுக்குத் தெரியும். மங்கலா சாட்டின் ஃபினிஷ் இருக்கத எடுங்க. எடையும் பாருங்க, லெஸ் பால் 4 கிலோ பக்கம் வரும், மூணு மணி நேர ஆராதனைல நின்னுட்டே வாசிச்சா தோளு கேள்வி கேக்கும்.

நாகர்கோவில்ல கடைல போய் பாக்கும்போது அங்க மாட்டியிருக்க கம்பிய நம்பி முடிவு பண்ணாதீங்க, எப்பப் போட்டதுன்னு யாருக்குத் தெரியும், துருவேறிக் கெடக்கும். நல்ல கிட்டாரும் அதுல கேவலமா தோணும். என்ன நம்பர் போட்டிருக்கீங்கன்னு கேளுங்க, தெரியலன்னா உங்க கைல இருக்க கிட்டாரோட முதல் கம்பிய நினச்சுப் பாத்து ஒரு பெண்ட் போட்டுப் பாருங்க. உக்காந்தும் நின்னும் வாசிங்க. ஆம்ப் போடாம ஒரு தடவ வாசிச்சு ஃப்ரெட்டு ஓரம் கைய கீறுதான்னு கழுத்துல மேலயும் கீழயும் தடவிப் பாருங்க, விலை கொறஞ்சதுல அது தான் முதல் குத்தம். சிங்கிள் காயில் பிக்கப்புன்னா டியூப் லைட்டு பக்கத்துல உர்ர்ருன்னு இரையும், அது ரிப்பேர் இல்ல, அதோட கொணம் அப்படி. இரைச்சல் தாங்காதவங்களுக்கு ஹம்பக்கர், ரெண்டு காயில் சேந்து இரைச்சல அடக்குற பிக்கப்பு.

இன்னொண்ணு, முதல் கம்பி அறுறது எப்பவும் பாட்டு நடுவுல தான். முழு செட்டும் கூடவே தூக்கிட்டுப் போகணும்னு இல்ல, தனிக் கம்பியா விக்கிறத ரெண்டு மூணு வாங்கி பைல வைங்க, 9 போடுறவங்க 9ம் 11ம், 10 போடுறவங்க 10ம் 13ம், முதல் கம்பியும் ரெண்டாவதும் அது தான். கூட ஒரு சின்ன கட்டிங் ப்ளையர். வெட்டுன துண்ட பைலயே போட்டுக் கொண்டுவந்துருங்க, போன கேரலுக்கு ஒரு வீட்டு முத்தத்துல விட்டுட்டு வந்தேன், மறுநாள் அந்த வீட்டு ஆச்சி கால்ல குத்திட்டு, இந்த வருஷம் அங்க கேக்கு கெடைக்குமான்னு தெரியல.